காலில புண் எண்டா முதல்ல ரத்தம் போகுதோ எண்டு பாருங்கோ: அப்பாவின்ர காலோட நாங்கள் பட்ட பாடு

இதை எழுதவேணும் எண்டு கனநாளா நினைச்சுக்கொண்டே இருந்தனான். அப்பாவின்ர கால்விரல்ல வந்த ஒரு சின்னப் புண், அதுக்காக நான் கொழும்பு முழுக்க அலைஞ்ச அலைச்சல், போன காசு, எடுத்த லீவு, இதெல்லாம் போகட்டும். ஆராவது ஒருத்தர் முதல் கிழமையே ஒரு விசயத்தைச் சொல்லியிருந்தா அந்த விரல் இண்டைக்கும் இருந்திருக்கும் எண்ட நினைப்புத்தான் மனசை விட்டுப் போகுதில்லை. சீனி வருத்தம் இருக்கிற, முந்தி சிகரெட் பத்தின, வயசு போன ஆக்கள் இல்லாத வீடு எங்களுக்குள்ள குறைவு. அவையைத் தனிய வைச்சுப் பார்க்கிற பிள்ளையளுக்காகத்தான் இதை எழுதுறன். நான் டொக்டரும் இல்லை நேர்ஸும் இல்லை, ஒரு ஒபிசில வேலை செய்யிற ஆள், அதால இதை வாசிச்சுப்போட்டு நீங்களா மருந்து மாத்த வேண்டாம், டொக்டரிட்ட என்ன கேக்கவேணும் எண்டு தெரிஞ்சு வைச்சிருங்கோ.

அப்பாவுக்கு எழுபது தாண்டிட்டுது. புறக்கோட்டையில ஒரு மொத்தக்கடையில கணக்கு எழுதினவர், அந்தக் காலம் முழுக்க சிகரெட்தான். சீனி, பிரஷர் ரெண்டும் இருக்கு. அம்மா இல்லை, அண்ணா கனடாவில, வெள்ளவத்தையில லிப்ட் இல்லாத ஒரு பிளாட்டில மூண்டாம் மாடியில நானும் அப்பாவும் மட்டும்தான். புண் வாறதுக்கு ஒரு வருசத்துக்கு மேல முன்னமே கால் எங்களுக்கு எல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கு. காலி வீதியால மார்க்கெட்டுக்கு நடக்கேக்க அரைவாசித் தூரத்தில நிண்டிடுவார், ஏதாவது ஒரு புடவைக்கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிப்பார், ரெண்டு மூண்டு நிமிசத்தில திரும்ப நடப்பார், பிறகும் அதே அளவு தூரத்தில நிப்பார். கேட்டா கெண்டைக்கால் இறுகுது எண்டுவார். வயசு, வாதம் எண்டு எல்லாரும் சொன்னவை. நடந்தா கெண்டைச்சதை இறுகி நோகுறது, நிண்டா ரெண்டு நிமிசத்தில விடுறது, இதுதான் காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைபட்டு வாறதின்ர முதல் அடையாளம் எண்டு பிறகுதான் தெரியும். இன்னும் சில அடையாளமும் இருக்கு: முழங்காலுக்குக் கீழ மயிர் கொட்டித் தோல் மினுங்கும், நகம் தடிச்சு மெதுவா வளரும், ஒரு பாதம் மற்றதை விடக் குளிரா இருக்கும். அப்பாவுக்கு இதெல்லாமே இடது காலில இருந்தது.

புண் வந்தது றப்பர் செருப்பின்ர வார் உரசினதால. பெருவிரலுக்குப் பக்கத்து விரல்ல ஒரு மிளகு அளவு தோல் உரிஞ்சது, அவ்வளவுதான். பக்கத்து டிஸ்பென்சரியில அன்டிபயோட்டிக் தந்து, புண்ணுக்கு மேல தூவுறதுக்குப் பவுடரும் தந்தவை. மாறேல்லை. பிறகு ஒரு தனியார் இடத்தில ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டத் தொடங்கினம். மருந்து கட்ட 1500 ரூபா, ஓட்டோவுக்குப் போக வர 600, அப்பாவை மூண்டு மாடி இறக்கி ஏத்துறது வேற. அங்க ஹைட்ரஜன் பெரொக்சைட் ஊத்துவினம், அது நுரைச்சுக்கொண்டு வர ஊத்தையெல்லாம் போகுது எண்டு பார்க்கிற எங்களுக்கும் ஒரு திருப்தி. ஆனா அந்த நுரை புதுசா வளர வாற சதையையும் சேர்த்துத்தான் சுடுதாம். அன்டிபயோட்டிக் மட்டும் மூண்டு விதம் மாத்தினவை. புண் சிறுசாகுறதுக்குப் பதிலா ஓரமெல்லாம் வெட்டினமாதிரி ஆழமா, உள்ளுக்கு வெளிறிப்போய், ரத்தமே கசியாமல் கிடந்தது. இவ்வளவு நாளும் ஒருத்தரும் அப்பாவின்ர பாதத்தில நாடி பிடிச்சுப் பார்க்கேல்லை, அதை நினைக்க எனக்கு இப்பவும் கொதி வருது.

பிறகு ராவு நோ தொடங்கினது. கட்டில்ல படுத்தா அரைமணித்தியாலத்தில எழும்பிடுவார், எழும்பிக் காலைக் கீழ தொங்கப்போட்டா நோ குறையும். கடைசியில கட்டிலையே விட்டிட்டு ஹோல்ல பிளாஸ்டிக் கதிரையில இருந்தபடியே நித்திரை கொள்ளுவார், காலைத் தரையில வைச்சுக்கொண்டு. நான் ஸ்டூல் ஒண்டை வைச்சுத் தூக்கி வைச்சா, "வேண்டாம் பிள்ளை, தூக்கினா உயிர் போகுது" எண்டுவார். ராவு முழுக்கத் தொங்கப்போட்டதால பாதம் வீங்கிச்சுது. வீக்கத்தைப் பார்த்திட்டு, அந்த மருந்து கட்டுற இடத்தில, இது நரம்பு சுருண்ட கால்ப் புண் மாதிரி, அழுத்திக் கட்டினா வத்தும் எண்டு சொல்லி இழுபடுற பண்டேஜால பாதத்தில இருந்து முழங்கால் வரைக்கும் இறுக்கிச் சுத்தி விட்டவை. அண்டைக்கு ராவு அப்பா அழுததை நான் அதுக்கு முந்தி ஒருநாளும் காணேல்லை. விடிய முந்தி நானே கத்தரிக்கோலால வெட்டி எடுத்தன். விரல் நுனி ஊதா நிறமா இருந்தது, அடுத்த கிழமைக்குள்ள கறுத்துப்போச்சு.

இந்த இடத்தை வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ, ஏனெண்டா இதிலதான் கனபேற்ற கால் போகுது. ரத்த ஓட்டக் கோளாறால காலில ரெண்டு விதமான புண் வரும், ரெண்டுக்கும் வைத்தியம் நேரெதிர். ஒண்டு, ரத்தம் மேல திரும்பிப் போக ஏலாமல் தேங்குறதால வாறது. அது கூடுதலா உள்பக்கக் கணுக்காலுக்கு மேல வரும், அகலமா ஈரமா நீர் வடிஞ்சுகொண்டிருக்கும், சுத்தித் தோல் மண்ணிறமாகும், காலைத் தூக்கி வைச்சாச் சுகமா இருக்கும், அதுக்கு அழுத்திக் கட்டுறதுதான் மருந்தே. மற்றது, ரத்தம் கீழ வந்து சேராததால வாறது. அது விரல் நுனி, விரல் இடுக்கு, குதி மாதிரி இடங்களில வரும், சின்னதா ஆழமா காய்ஞ்சு வெளிறி இருக்கும், தூக்கினா நோகும், தொங்கப்போட்டாச் சுகம். அதுக்கு அழுத்திக் கட்டினா வாற கொஞ்ச ரத்தமும் நிண்டுபோகும். ரெண்டும் கலந்து இருக்கிற ஆக்களும் இருக்கினம். அதால ஆர் வந்து பண்டேஜ் சுத்த வெளிக்கிட்டாலும், காலில ரத்த ஓட்டம் அளந்து பார்த்ததா எண்டு கேளுங்கோ, அளக்காட்டி சுத்த விடாதேங்கோ. வயசானவர் ராவில காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கதிரையில நித்திரை கொள்ளுறார் எண்டா அதை விடப் பெரிய அடையாளம் வேற வேண்டியதில்லை, அண்டைக்கே வெளிக்கிடுங்கோ.

விரல் கறுத்த பிறகுதான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனன். அங்க ஒரு இளம் டொக்டர், தமிழ்ப் பிள்ளை, கட்டை அவிழ்க்க முந்தியே ரெண்டு பாதத்தையும் புறங்கையால தொட்டுப் பார்த்தா, பிறகு பாதத்துக்கு மேல ரெண்டு விரலை வைச்சுக்கொண்டு கனநேரம் நிண்டா, பிறகு உள்கணுக்கால் எலும்புக்குப் பின்பக்கம். "ஐயா, இந்தக் காலில நாடி இல்லை" எண்டா. காலைத் தூக்கிப் பிடிச்சா, பாதம் வெள்ளைத்துணி மாதிரி வெளிறிச்சுது. கீழ தொங்கவிட்டா, கொஞ்ச நேரத்தில கருஞ்சிவப்பாப் போச்சு. இவ்வளவுக்கும் அஞ்சு நிமிசம் செல்லேல்லை, ஒரு சதம் செலவில்லை. இவ்வளவு அன்டிபயோட்டிக் குடிச்சும் ஏன் மாறேல்லை எண்டு நான் கேட்டதுக்கு அவ சொன்னது, "அக்கா, புறக்கோட்டைக்கு லொறி வாறதை நிப்பாட்டிப்போட்டு கடையில ஏன் சாமான் இல்லை எண்டு கேக்கேலாது. குளிசையும் ரத்தத்தோடதானே புண்ணுக்குப் போகவேணும்." எனக்கு அப்பத்தான் எல்லாம் விளங்கினது.

நாடி பார்க்கிறதை அவ எனக்கும் காட்டித் தந்தா. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில இருந்து மேல நேராக் கோடு கீறினமாதிரி வந்தா, பாதத்தின்ர நடு மேட்டில ஒரு துடிப்பு இருக்கும், மெதுவாத் தொடவேணும், அமத்தினா அடங்கிப்போகும். ரெண்டாவது இடம் உள்கணுக்காலுக்குப் பின்னால. ஒரு இடத்தில அகப்படாட்டிப் பயப்பட வேண்டாம், சுகமான ஆக்கள் சிலருக்கும் பாதத்துக்கு மேல துடிப்புத் தெரியாது. ரெண்டு இடத்திலயும் இல்லை, காலும் குளிர், புண்ணும் இருக்கு எண்டா டொக்டரிட்டச் சொல்லுங்கோ. அடுத்தது கையிலயும் கணுக்காலிலயும் பிரஷர் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால பிரிக்கிற ஒரு டெஸ்ட், ஏபிஐ எண்டு சொல்லுவினம். ஊசியும் இல்லை, நோவும் இல்லை. 1க்குக் கிட்ட வந்தா நல்லது, 0.9 இல்லாட்டி அதுக்குக் கீழ எண்டா அடைப்பு இருக்கு, 0.5க்குக் கீழ போனாக் கடும் அடைப்பு. அப்பாவின்ர இடது காலில அதுக்கும் கீழதான். ஆனா ஒரு எச்சரிக்கை, சீனி வருத்தக்காரருக்கு ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிஞ்சு விறைச்சுப்போறதால, அடைப்பு இருந்தும் இந்த நம்பர் நல்லா இருக்கிறமாதிரி காட்டும். 1.4க்கு மேல வந்தா அதை நம்பேலாது, கால்விரல்ல பிரஷர் எடுக்கவேணும். நம்பர் நல்லா இருக்கு, ஆனாப் புண் மாறேல்லை எண்டா இதைக் கட்டாயம் கேளுங்கோ.

அதுக்குப் பிறகு காலுக்கு டொப்ளர் ஸ்கேன், ரத்தம் எப்பிடி ஓடுது எண்டு பார்க்கிறது. கிட்டத்தில திகதி கிடைக்கேல்லை, என்னால பொறுத்திருக்க ஏலேல்லை, வெளியில 18,000 குடுத்து எடுத்தம். ஒரு வஸ்கியூலர் சேர்ஜனை, அதாவது ரத்தக்குழாய்க்கான சேர்ஜனை, சனல் பண்ணிக் காட்ட, அவர் தனியாரில செய்யிறதெண்டா அஞ்சு லட்சத்துக்கு மேல வரும், தானே அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு துண்டு எழுதித் தாறன் எண்டார். தனிய நிண்டு முடிவெடுக்கிற ஆக்களுக்கு இதைச் சொல்லுறன், காசில்லை எண்டு பயந்து வீட்டில இருக்காதேங்கோ. அரசாங்க ஆஸ்பத்திரியில இந்த வைத்தியம் இலவசமாவே நடக்குது, கொழும்பில ரத்தக்குழாய்க்கெண்டே சேர்ஜன்மார் இருக்கினம், நேர "வஸ்கியூலர்" எண்டு கேட்டுத் துண்டு வாங்குங்கோ. பொதுவான கிளினிக்கில நிண்டு நிண்டு நாள் போகவிடாதேங்கோ.

சிடி அஞ்சியோகிராம், அதாவது மருந்து ஏத்தி ரத்தக்குழாயைப் படம் பிடிக்கிற ஸ்கேன், எடுக்க முந்தி சிறுநீரகம் எப்பிடி எண்டு அறியக் கிரியாட்டினின் எண்ட ரத்தச் சோதனை பார்ப்பினம், அதுக்கு ஏத்துற மருந்து சிறுநீரகத்துக்குப் பாரம். மெட்போமின் எண்ட சீனிக் குளிசை குடிக்கிற ஆக்கள் அதைக் கட்டாயம் சொல்லவேணும், நிப்பாட்டுறதோ இல்லையோ எண்டு அவையே சொல்லுவினம். அப்பாவுக்குத் தொடையில ஒரு அடைப்பு, அதுக்குக் கீழயும் ரெண்டு இடத்தில. கவட்டுக்குள்ளால வயர் விட்டு பலூனால விரிச்சவை, மயக்கமில்லை, அந்த இடத்தை மட்டும் விறைக்கப்பண்ணினது. முடிய மணித்தியாலக்கணக்கில காலை மடக்காமல் நேராப் படுக்கவேணும், அதுதான் அப்பாவுக்குக் கஷ்டமா இருந்தது. பலூனால ஏலாத ஆக்களுக்குக் காலில இருந்தே ஒரு ரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைச் சுத்தி ரத்தம் போக பைபாஸ் செய்யிறவை. அண்டைக்குப் பின்னேரம் வார்ட்டில நான் அப்பாவின்ர பாதத்தைத் தொட்டுப் பார்த்தன், சூடா இருந்தது. அவ்வளவு மாசத்துக்குப் பிறகு அந்தப் பாதம் சூடா இருந்தது. நான் அழுதிட்டன், மிஸ்ஸி வந்து என்ன எண்டு கேட்டா, எனக்கு வாய் வரேல்லை.

கறுத்த விரலை அதுக்குப் பிறகுதான் எடுத்தவை. ஏன் முதலே வெட்டேல்லை எண்டு சொந்தக்காரர் எல்லாம் டெலிபோனில என்னைக் கேட்டுக் கேட்டுக் களைக்கப்பண்ணினவை. காரணம் இருக்கு. ரத்தம் வராத காலில வெட்டினா வெட்டின காயமும் மாறாது, அது மேல மேல போகும். சீழ், மணம், காய்ச்சல் இல்லாமல் காய்ஞ்சு கறுத்துக் கிடக்கிற விரலைக் காய்ஞ்சபடியே வைச்சு, முதல்ல ரத்தத்தைக் கொண்டுவந்துபோட்டு பிறகு வெட்டுறதுதான் முறை. அந்த நாளில சுடுதண்ணியில ஊறவைக்கிறது, எண்ணெய் பூசுறது, ஈரக் கட்டு ஒண்டும் கூடாது. பொவிடோன் அயடின் எண்ட கிருமி கொல்லுற மருந்தைப் பூசிக் காயவிட்டு, விரலுக்கிடையில காய்ஞ்ச கோஸ் வைக்கச் சொன்னவை. ஆனா ரத்தம் வந்து, விரல் எடுத்த பிறகு அதே பொவிடோனை வேண்டாம் எண்டினம், சேலைனால கழுவி, சதை காயாமல் ஈரப்பதமா வைச்சிருக்கச் சொன்னவை. அதால போனமாதம் சொன்ன மருந்தை இந்தமாதமும் கட்டுறதோ எண்டு ஒவ்வொரு கிளினிக்கிலயும் திருப்பிக் கேளுங்கோ.

வீட்டில மருந்து கட்ட நான் பழகினது இந்தக் கட்டத்திலதான், பப்ளிக் ஹெல்த் நேர்ஸ் ஒராள் பொறுமையாச் சொல்லித் தந்தா. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சாமானெல்லாத்தையும் முதலே எடுத்து வைச்சுப்போட்டுத்தான் கட்டை அவிழ்க்கிறது. கோஸ் ஒட்டியிருந்தா பிடிச்சு இழுக்கிறதில்லை, சேலைன் ஊத்தி ஊறவிட்டா அதுவே கழரும், இழுத்தா ஒரு கிழமை வளர்ந்த சதை அதோட போயிடும். திறந்த சேலைன் போத்தலை அடுத்தநாளுக்கு வைச்சிருக்கிறதில்லை, அதால சின்னப் போத்தல் வாங்குங்கோ. பிளாஸ்டரைத் தோலில ஒட்டாதேங்கோ, இந்தக் கால்த் தோல் கடுதாசி மாதிரி, உரிஞ்சா அது இன்னொரு புண். மெல்லிசு பண்டேஜைத் தளர்வாச் சுத்தி, பிளாஸ்டரை பண்டேஜுக்கு மேல ஒட்டுங்கோ. விரலைச் சுத்தி வளையமா பிளாஸ்டர் போடவே கூடாது, வீங்கினா அதுவே கயிறு. கட்டி முடிய விரல் நுனியைப் பாருங்கோ, நிறம் மாறினாலோ விறைச்சாலோ உடன அவிழுங்கோ. கொழும்பு வேர்வைக்கும் மழைக்கும் கட்டு நனைஞ்சா அட்டவணை பார்க்காமல் மாத்தவேணும். ஒவ்வொரு முறையும் புண்ணுக்குப் பக்கத்தில அடிமட்டம் வைச்சு, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில போட்டோ எடுத்தன். கிளினிக்கில ஒவ்வொருநாளும் வேற வேற டொக்டர், எனக்குச் சிங்களமும் அரைகுறை, அந்தப் போட்டோக்களைக் காட்டினா ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. படுக்கேக்க கெண்டைக்காலுக்குக் கீழ தலகாணி வைச்சுக் குதி கட்டில்ல படாமல் விடுங்கோ, படுத்த படுக்கையில குதியில வாற புண் இதை விடப் பொல்லாதது.

சூடு பிடிக்கிறது, சுடுதண்ணிப் பை, இதெல்லாம் குளிரான காலுக்கு இதமா இருக்கும் எண்டு எல்லா வீட்டிலயும் செய்யிறது. விறைச்ச காலுக்குச் சுடுறது தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் காணுவீங்கள். மேசு போடுங்கோ, வெள்ளைப் பருத்தி மேசு, ரத்தம் பட்டா உடன தெரியும். கோயில்தான் எங்களுக்கு உண்மையில பெரிய பிரச்சினை. அப்பா கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டார், மத்தியான வெயில்ல வெளிவீதிச் சீமெந்தில வெறுங்காலோட நடந்தாப் பாதம் வெந்துபோகும். இப்ப விடியக்காலமை இல்லாட்டிப் பொழுதுபட்டபிறகுதான் கூட்டிக்கொண்டு போறன், மேசோட உள்ளுக்கு விடச்சொல்லி ஐயரிட்டக் கேட்டன், அவர் ஒண்டும் சொல்லேல்லை. கேட்டுப் பாருங்கோ, விளங்கிக்கொள்ளுவினம்.

உடன ஓடவேண்டிய நேரங்களும் இருக்கு. புண்ணைச் சுத்திச் சிவப்புப் பரவுறது, மணம், சீழ், காய்ச்சல், சீனி திடீரெண்டு ஏறுறது, இதில ஏதாவது வந்தா அடுத்த கிளினிக் திகதிக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கால் திடீரெண்டு வெளிறி, குளிர்ந்து, கடும் நோவோட விறைச்சா, அசைக்க ஏலாமல் போனா அது மணித்தியாலக் கணக்கு, ஆறு மணித்தியாலத்துக்குள்ள ரத்தம் போகாட்டிக் காலைக் காப்பாத்துறது கஷ்டம். 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஒருக்கா ராவு அப்பாவை மூண்டு மாடி இறக்கினதே அவைதான், ஸ்ட்ரெச்சரில.

காசுக் கணக்கைச் சொல்லுறதெண்டா, நாடி பார்க்காமல் மருந்து கட்டின அந்தக் காலத்துக்கு மட்டும் ஓட்டோவோட சேர்த்து ஒண்டேகால் லட்சத்துக்குக் கிட்டப் போச்சு, மூண்டு அன்டிபயோட்டிக் கோர்ஸ் தனி, எனக்கு வெட்டின நோ பே லீவு தனி. அண்ணா அனுப்பினவர்தான், ஆனா ராவில கதிரைக்குப் பக்கத்தில இருக்க அவரால ஏலாதுதானே. பலூன் வைச்சதுக்கு ஆஸ்பத்திரியில ஒண்டும் எடுக்கேல்லை. அதுக்குப் பிறகும் புண் மூடக் கனமாசம் எடுத்தது, ரத்தம் வந்தா ரெண்டு கிழமையில மாறும் எண்டு எதிர்பார்க்காதேங்கோ. பலூன் வைச்ச இடம் திரும்ப அடைபடவும் ஏலும், அதால அஸ்பிரின், கொழுப்புக் குளிசையை நிப்பாட்டக்கூடாது, புண் மாறி வந்தது திரும்ப நிண்டுபோனா உடன ஸ்கேன் கேக்கவேணும்.

வலது காலிலயும் அடைப்புத் தொடங்கியிருக்காம், ஆனாப் புண் இல்லை. புண் இல்லாத காலுக்கு நடைதான் மருந்து எண்டு சொல்லியிருக்கினம், நோ வரும்வரைக்கும் நடந்து, நிண்டு, நோ விட்டபிறகு திரும்ப நடக்கிறது. அதுக்கு மூடின சப்பாத்து வாங்கப் போகேக்க பின்னேரம் போங்கோ, அப்பத்தான் கால் வீங்கி அதின்ர உண்மையான அளவில இருக்கும். விறைச்ச கால் "காணும்" எண்டு சொல்லுறதை நம்பேலாது, அதால அப்பாவைக் கடுதாசியில நிக்கவைச்சு ரெண்டு பாதத்தையும் பென்சிலால கீறி வெட்டிக்கொண்டு போய், அதைச் சப்பாத்துக்குள்ள வைச்சுப் பார்த்து, எங்கயும் மடங்காத சோடியைத்தான் வாங்கினன்.